தாராபுரம் பஞ்சு

விளையாடுவதற்காகத்தான் அந்த லேப்டாப்பை வாங்கினேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

அது எங்கள் மில் முதலாளியின் மகன் சசிதர் வைத்திருந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வரும்போது கொண்டுவந்திருந்தார். தொண்ணூற்றேழு ஜனவரியில் அவருக்குப் புதிதாக ஒன்று வந்ததும் பழையதைத் தள்ளிவிடப் பார்த்தார். பேட்டரி செத்துப்போயிருந்தது. மூடியின் ஒரு பக்கக் கீல் விட்டிருந்தது. கோயமுத்தூரில் அப்போது பழைய லேப்டாப் வாங்க ஆள் கிடையாது. நான் கேட்டேன், கொடுத்தார். இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தோடு நான் நின்றுவிட்டதால் கடைசி வருட ஃபீசுக்கென்று ஒதுக்கிய பணம் பேங்கில் சும்மா கிடந்தது. அது இதற்குப் போனது. வீட்டில் சொல்லவில்லை.

மில்லில் எனக்கு டெஸ்டிங் ரூமில் நைட் ஷிப்ட். நூலை அளந்து எடை போட வேண்டும், இழுத்து அறுத்துப் பார்க்க வேண்டும், வந்ததை நோட்டில் எழுத வேண்டும். காலை எட்டு மணிக்கு ஷிப்ட் முடியும். மசக்காளிபாளையத்தில் ஒரு லைன் வீட்டின் கடைசி அறையில் குடியிருந்தேன். பக்கத்து அறைக்காரர்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகு நான் வந்து கதவைச் சாத்திக்கொள்வேன். தூங்க வேண்டிய பகலில் பாதியை விளையாடியே கழித்தேன்.

வியாபாரம் செய்கிறவர்களுக்கென்று செய்த மெஷின் அது. கறுப்பு, நல்ல கனம். பீப் என்பதைத் தவிர வேறு சத்தம் வராது. சிடி போட வழியில்லை. மவுசுக்குப் பதில் விசைகளுக்கு நடுவே சிவப்பு ரப்பரில் ஒரு மொட்டு இருக்கும். அதை விரல்நுனியால் அழுத்தி அழுத்தித்தான் அம்புக்குறியை நகர்த்த வேண்டும். திரையில் எது வேகமாக ஓடினாலும் பின்னாலேயே அதன் நிழல் இழுபடும். ஓடிப் பிடித்துச் சுடுகிற விளையாட்டை ஒரு நாள் போட்டுப் பார்த்தேன். எது ஆள் எது நிழல் என்று தெரிவதற்குள் செத்துப்போனேன்.

ஆகவே நகராத விளையாட்டாகத் தேடினேன். டவுன்ஹால் பக்கம் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்த நிஜாம் ஒன்றைக் கொடுத்தான். பாலிடெக்னிக் முடித்தவன், என் வயது, யார் எதைக் கேட்டாலும் காப்பி போட்டுத் தருவான். பதினோரு ஃப்ளாப்பியில் வந்தது. ஏழாவது ஃப்ளாப்பி மூன்று தடவை கெட்டுப்போய், நான்காம் தடவை ஏறியது.

அதில் நாம் ராஜா. வெறும் நிலம் கிடைக்கும். ஆற்றோரமாகப் பார்த்து ஊர் கட்ட வேண்டும், களஞ்சியம் கட்ட வேண்டும், பக்கத்து நாட்டுக்காரன் வந்தால் சண்டை போட வேண்டும். நாம் ஒரு அடி வைத்தால்தான் எதிரியும் ஒரு அடி வைப்பான். அதுவரை திரை அசையாது. அந்த மெஷினுக்கு அதுதான் தோது. நடுவில் கரண்ட் போனால் மட்டும் எல்லாம் போய்விடும். அதனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேமித்து வைப்பேன். ஊருக்குப் பேர் கேட்கும். அது தருகிற பேர் எதுவும் வாயில் நுழையாது. பஸ் போர்டில் பார்த்த பேர்களைப் போட்டேன். சத்தி, அவிநாசி, தாராபுரம், பல்லடம், காங்கயம். ஒவ்வொரு வருடம் முடியும்போதும் எந்த ஊரில் எத்தனை பேர், எத்தனை மூட்டை தானியம் என்று அது ஒரு பட்டியல் எழுதி ஹார்ட் டிஸ்கில் போட்டு வைக்கும். யாரும் கேட்பதில்லை. எழுதிக்கொண்டே இருக்கும்.

இந்த விளையாட்டு ஏற இடம் பற்றவில்லை. அதற்காக நான் செய்ததிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. ஆனால் அதைச் செய்யச் சொன்னது சசிதர் என்றுதான் அப்போது நினைத்தேன்.

லேப்டாப்பைக் கையில் கொடுக்கும்போது அவர் சொன்னது இது. "அதுல மிக்சிங் ஃபைலெல்லாம் இருக்குதுங்க, பொங்கியண்ணன். மறக்காம எடுத்துப்போட்டுருங்க."

மிக்சிங் என்றால் பஞ்சுக் கலவை. எந்த ஊர்ப் பஞ்சை எத்தனை பங்கு கலந்தால் எந்த நூல் வரும் என்பது. ஒவ்வொரு மில்லும் அதைப் பொத்திப் பொத்தி வைக்கும். விற்ற மெஷினில் அது இருக்கக் கூடாதென்று நினைக்கிறார், நியாயம்தான் என்று எண்ணிக்கொண்டேன். விளையாட்டுக்கு இடம் வேண்டிவந்த அன்று காலை எல்லாவற்றையும் அழித்தேன். இரண்டு நாள் கழித்து டெஸ்டிங் ரூம் வாசலில் நின்று எடுத்துப்போட்டாயிற்றா என்று கேட்டார். எடுத்துப்போட்டேனுங்க என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

எங்கள் மில்லில் எடுத்துப்போடு என்ற வார்த்தை இரண்டு வேலைக்கு ஓடும். குடோனிலிருந்து பேலை, அதாவது பஞ்சுப் பொதியை, கொண்டுவந்து மிக்சிங் தளத்தில் வைப்பதும் எடுத்துப்போடுவதுதான். தளத்தில் விழுந்த கழிவுப் பஞ்சை அள்ளி வெளியே தள்ளுவதும் எடுத்துப்போடுவதுதான். அவர் சொன்னது முதல் அர்த்தத்தில். ஃப்ளாப்பியில் எடுத்து ஆபீஸ் மேஜையில் போடச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஏப்ரல் ஆரம்பத்தில் திருப்பூரிலிருந்து நூல் திரும்பி வந்தது. போன வருடம் அக்டோபர், நவம்பரில் எங்கள் மில்லில் ஓடிய நூல். துணியாக்கிச் சாயம் போட்டால் பட்டை பட்டையாகத் தெரிகிறதென்று மொத்தத்தையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கலவை மாறினால்தான் அப்படிப் பட்டை விழும். முதலாளி சென்னகேசவன் ஸ்பின்னிங் மாஸ்டர் சுந்தரராஜுலுவைக் கூப்பிட்டு விசாரித்தார். கலவை அவர் பொறுப்பு. முப்பத்தோரு வருடமாக அதே மில்.

மாஸ்டர் மறைக்கவில்லை. அக்டோபரில் குஜராத் பஞ்சு வந்து சேரத் தாமதமானது, நூறில் முப்பது பங்கு ஆதிலாபாத் பஞ்சு கலந்தோம், சசிதர் தம்பிதான் கலக்கச் சொன்னார், என் எதிரிலேயே உட்கார்ந்து லேப்டாப்பில் அடித்தார் என்றிருக்கிறார். சசிதர் தனக்கு அப்படி ஒன்றும் ஞாபகமில்லை என்றார். லேப்டாப் இப்போது பொங்கியண்ணனிடம் இருக்கிறது, ஃபைலை அவர் எடுத்துப்போட்டிருக்கிறார், வேண்டுமானால் பார்க்கலாம் என்றும் சொன்னார். நாலு நாள் இப்படியே இழுத்த பிறகு முதலாளி அதைக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மாஸ்டர் என் அறைக்கு வந்தார். அதற்குமுன் அவர் அங்கே வந்ததில்லை. நான் கைலியோடு, பல்லடத்துக்கு மதில் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அது என்ன என்று கேட்கவில்லை. வந்த விஷயத்தைச் சொன்னார். எடுத்துப்போட்டேன் என்றால் அழித்துவிட்டேன் என்று அர்த்தம் என்று நான் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தார்.

"வேலை போறதப் பத்தி இல்ல கண்ணு. வர்ற தையில ரிட்டயர்டு. இன்னும் எட்டு மாசம். அந்தத் தம்பி இல்லவே இல்லைன்னு அடிச்சுச் சொல்றாரு. நாலு நாளா கேட்டுக் கேட்டு, எனக்கே சந்தேகமாப் போச்சு. அவுரு சொன்னாரா, இல்ல நானே செஞ்சுபோட்டு அவுரு சொன்ன மாதிரி நெனச்சுக்கிட்டனா. புத்தி கலங்கிப்போச்சான்னு தெரியோணும். அந்த ஒத்த வரியப் பாத்தாப் போதும்."

மாற்றம் ஒவ்வொன்றுக்கும் சசிதர் மூன்று வரி அடிப்பாராம். தேதி, பங்கு, யார் சொன்னது. அக்டோபர் மாற்றத்துக்கும் அடித்ததாக மாஸ்டருக்கு ஞாபகம். ராமாமணியம்மா, அவர் மனைவி, கேஸை மூடினீர்களா கதவைப் பூட்டினீர்களா என்று இப்போது ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்கிறாராம். இவரும் இரண்டு தடவை போய்ப் பார்க்கிறாராம்.

அழித்த ஃபைல் உடனே போய்விடுவதில்லை என்று அவரிடம் சொன்னேன். அந்த இடம் காலி என்று மெஷின் ஒரு குறிப்பு மட்டும் போட்டுக்கொள்ளும். வேறு ஏதாவது வந்து உட்காரும்வரை பழைய எழுத்து அப்படியே கிடக்கும். உட்கார்ந்திருக்குமா என்று கேட்டார். தெரியாது, பார்க்கலாம் என்றேன். தெரியும். மூன்று மாதமாகப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எதையாவது உட்காரவைத்துக்கொண்டே இருந்தவன் நான்.

மதிலைப் பாதியில் விட்டு, அப்போதும் சேமிக்கப் போன விரலை நிறுத்தி, அப்படியே மெஷினை அணைத்தேன். பையில் போட்டுக்கொண்டு டவுன்ஹாலுக்குப் பஸ் ஏறினேன்.

டிஸ்கை உள்ளே வரை துருவிப் பார்க்கிற ஒரு ப்ரோகிராம் நிஜாமிடம் இருந்தது. மதியம் தொழுகைக்குப் போய்விட்டு வந்து ஆரம்பித்தான். நான் எதிரில் ஸ்டூலில் தூங்கி விழுந்துகொண்டிருந்தேன். மூன்று மணிக்குத் தட்டி எழுப்பினான்.

"கெடைச்சிருச்சு. மூணு துண்டு. மொதத் துண்டும் கடைசித் துண்டும் சுத்தமா இருக்குது. நடுத் துண்டுல ராஜா குடிவந்துட்டாரு."

"என்னது?"

"உன்ற ஊருங்கதான். சத்தி, அவிநாசி, எல்லாம் வரிசையா இருக்குது. ஒரு மனுசன் எழுதி வெச்ச எடத்துல போயித்தான் காங்கயம் கட்டுவியா? வேற காடு கெடைக்கலையா உனக்கு?"

வேறு வழியே இல்லையா என்று கேட்டேன். மேலே எழுதிவிட்டால் அவ்வளவுதான் என்றான். முதல் துண்டு செப்டம்பரோடு முடிந்தது. கடைசித் துண்டு டிசம்பரில் ஆரம்பித்தது. அக்டோபரும் நவம்பரும் இருந்த இடத்தில் என் வருடக் கடைசிப் பட்டியல் இருந்தது. சசிதர் ஃபைல்களை வெறும் எழுத்தாகத்தான் அடித்திருந்தார். விளையாட்டும் பட்டியலை வெறும் எழுத்தாகத்தான் எழுதும். இரண்டும் ஒரே மாதிரி பெரிய இங்கிலீஷ் எழுத்து, பக்கத்தில் எண்கள். பிரிண்ட் எடுத்ததும் ஒரே ஆள் எழுதிய மூன்று பக்கம் போலத்தான் இருந்தது.

சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். முதலில் அக்டோபரைத் தேடினார். இல்லை என்றேன். நடுப்பக்கம் கெட்டுப்போச்சுங்க என்று மட்டும் சொன்னேன். அது என்ன என்று சொல்லவில்லை. ராமாமணியம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். விளையாடிக் கெடுத்துவிட்டேன் என்று அவர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம் இவ்வளவுதான்.

மாஸ்டர் முதல் பக்கத்தை நிதானமாகப் படித்தார். பிப்ரவரியில் ஒரு மாற்றம், ஜூனில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. ஒவ்வொன்றின் கீழும் சசி சொன்னது என்று இருந்தது. கேட்காமல் எதையும் செய்ததில்லை என்றாவது தெரிகிறதே, முதலாளிக்கு இது போதும் என்றார். நடுப்பக்கத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஒரு பக்கம் குறைந்தால் ஏன் கிழித்தாய் என்று கேட்பார்கள், இருக்கட்டும் என்றார். அவர் அதைப் படிக்கவில்லை. கெட்டுப்போனது என்று நான் சொன்னதை நம்பினார்.

அடுத்த நாள் ஷிப்ட் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். முதலாளி நாற்காலியில் இருந்தார். சசிதர் ஜன்னலோரம் நின்றார். மாஸ்டர் மேஜைக்கு எதிரில் நின்றார். முப்பத்தோரு வருடத்தில் அவர் அங்கே நின்று நான் கேள்விப்பட்டதில்லை, எப்போதும் உட்காரச் சொல்வார்கள். மேஜைமேல் மூன்று பக்கமும் இருந்தன. நடுப்பக்கம்தான் மேலே இருந்தது.

சென்னகேசவன் பஞ்சு வாங்கி வாங்கியே மில் கட்டியவர். கம்ப்யூட்டர் தெரியாது, இங்கிலீஷ் கொஞ்சம். ஆனால் எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஊர்ப் பேர் எங்கே என்று பார்ப்பார். பஞ்சை ஊர்ப் பேர் சொல்லித்தான் மில்லில் கூப்பிடுவோம். ராஜ்கோட் என்றால் ராஜ்கோட்டிலிருந்து வந்த பஞ்சு. குண்டூர் என்றால் குண்டூர்ப் பஞ்சு. சுற்றுவட்டாரப் பஞ்சை மட்டும் அவர் உள்ளே விடுவதில்லை. ஒரு வருடம் உள்ளூர் பேல்களில் பிளாஸ்டிக் சாக்கு நூல் கலந்து வந்து, துணியெல்லாம் புள்ளி புள்ளியாகப் போனது. அதிலிருந்து தடை.

"ஏப்பா, தாராபுரம் பஞ்சு உன்ற டெஸ்டிங் ரூமுக்கு வந்துச்சா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. தாளை என் பக்கம் திருப்பினார். சத்தி, 4200, 310. அவிநாசி, 2650, 180. தாராபுரம், 3900, 425. முதல் எண்ணைக் கிலோ என்றும் இரண்டாவதைப் பேல் என்றும் அவர் பென்சிலால் எழுதியிருந்தார். ஒரு பேல் எத்தனை கிலோ என்று அவருக்குத் தெரியும். கணக்கு ஒத்துவரவில்லை. அதனால் கணக்கிலும் திருட்டு என்று முடிவு செய்திருந்தார். மாஸ்டர் தரகர்களிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு, குஜராத் பஞ்சுக்கு நடுவில் உள்ளூர்ப் பஞ்சை ஓட்டியிருக்கிறார். பட்டை விழுந்தது அதனால்தான். இதுதான் அவர் கண்டுபிடித்தது.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியாது, இது எப்படி இதில் வந்ததென்றே தெரியாது என்று அவர் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார். அதையும் யாரும் நம்பவில்லை.

வரவில்லை என்று சொன்னால் டெஸ்ட்டுக்குக் காட்டாமல் ஓட்டியிருக்கிறார் என்று ஆகும். வந்தது என்று சொன்னால் திருட்டு உறுதியாகும். வேறு பதில் ஒன்றுதான் இருந்தது.

"அது பஞ்சு இல்லீங்க," என்றேன். "என்ற ஊருங்க."

"உன்ற ஊரா? உனக்கு அஞ்சு ஊரா?"

விளையாட்டு என்று விளக்கினேன். எடுத்துப்போடு என்றதை அழித்துவிடு என்று எடுத்துக்கொண்டதையும் சொன்னேன். சசிதர் முகம் சுருங்கியது. முதலாளி தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, கொண்டுவந்து காட்டு என்றார்.

சைக்கிளில் போய் எடுத்து வந்தேன். மேஜைமேல் வைத்துக் கரண்ட் கொடுத்தேன். கீல் விட்ட மூடியைச் சசிதரின் பேனா ஸ்டாண்டு மேல் சாய்த்து வைத்தேன். விளையாட்டு வர இரண்டு நிமிஷம் ஆயிற்று. அதுவரை நான்கு பேரும் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு ஆறு வந்தது, ஆற்றோரம் ஊர்கள் வந்தன. சிவப்பு மொட்டை அழுத்தித் தாராபுரத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். பேர் வந்தது. 3,912 பேர். பட்டியல் எழுதிய பிறகு பன்னிரண்டு பேர் பிறந்திருந்தார்கள்.

முதலாளி கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இந்த ஊருக்கெல்லாம் நீ யாரு?"

"ராஜாங்க."

"ராஜா நைட் ஷிப்டு பாக்கறாராக்கு," என்று மகனிடம் சொன்னார். என்னிடம், "அவிநாசில கோயில் கட்டலையா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க. களஞ்சியம் கட்டியிருக்கறேன்."

"மொதல்ல கோயில் கட்டோணும்."

ஒரு நிமிஷம் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருந்தார். பல்லடத்து மதில் ஏன் பாதியில் நிற்கிறதென்று கேட்டார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டர் கமிஷன் வாங்கவில்லை என்பதை ஒத்துக்கொண்டார். அதை மாஸ்டரைப் பார்த்துச் சொல்லாமல் தாளைப் பார்த்துச் சொன்னார். மூன்று பக்கத்தையும் சேர்த்துக் கசக்கிக் கூடையில் போட்டார்.

முதல் பக்கம் விளையாட்டு இல்லை, அது சசிதர் அடித்தது என்றேன்.

"நடுப்பக்கம் வெளையாட்டுன்னா மொதப் பக்கமும் வெளையாட்டாத்தான் இருக்கும். ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ளிருந்து வந்ததுதான? இது மெய்யி, இது பொய்யின்னு நீதான் சொல்றே. அழிச்சதும் நீ."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மகனிடம் ஒரே ஒரு தடவை கேட்டார். நீ சொன்னாயா, சொல்லவில்லையா. சசிதர் திரையில் நின்ற ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு ஞாபகம் இல்ல நாய்னா," என்றார். முதலாளி அதோடு முடித்துக்கொண்டார். தைவரை இருக்க வேண்டாம், இந்த மாதத்தோடு மாஸ்டர் ஓய்வெடுத்துக்கொள்ளட்டும், பாக்கி எட்டு மாதச் சம்பளத்துக்கும் குறை வைக்காமல் செய்துவிடலாம் என்றார். மாஸ்டர் சரிங்க என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே போனார்.

நான் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்தபோது சசிதர் பின்னாலேயே வந்தார். சத்தம் குறைத்துப் பேசினார். அதில் இன்னும் ஏதாவது எடுக்க முடியுமா என்று கேட்டார். முடியாது, மேலே எழுதியாகிவிட்டது என்றேன். பெங்களூரில், பாம்பேயில் யாராவது எடுப்பார்களா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்தார்.

"எதுக்கும் அதை எனக்கே குடுத்துருங்க. நீங்க தந்ததுக்கு மேலயே தாரேன். உங்களுக்குப் புதுசா வேற பாத்துக்கலாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மில்லுக்கு எதிர்ப்பக்கம் பேக்கரி. மாஸ்டர் வீட்டுக்குப் போகாமல் அங்கே உட்கார்ந்திருந்தார். எதிரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்து, தப்பு என்னுடையது, விளையாட்டு என்று நேற்றே சொல்லியிருக்க வேண்டும் என்றேன். ஆமாம் என்றார். எனக்கு ஒரு டீயும் தேங்காய் பன்னும் சொன்னார்.

சும்மா இருப்பதற்குப் பதில் ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் சசிதர் வந்து கேட்டதைச் சொன்னேன். மாஸ்டர் நிமிர்ந்தார்.

"என்ன கேட்டாரு? அவுரு சொன்னதச் சொன்னபடி சொல்லு."

சொன்னேன். இன்னும் எடுக்க முடியுமா என்று கேட்டது, பெங்களூர், பாம்பே, திரும்பி வந்து எனக்கே கொடுங்கள் என்றது. வரிசை மாறாமல் மறுபடியும் சொல்லச் சொன்னார். மறுபடியும் சொன்னேன்.

"கீலு வுட்ட பொட்டி. பேட்டரி இல்லாத பொட்டி. அதுக்கு மேல பணம் போட்டு எதுக்கு கண்ணு வாங்கறாரு?"

"உள்ள ஏதாச்சும் இருக்கும்ன்னு பயம்ங்க."

"இல்லாத வரிக்கு எதுக்கு பயம்?" என்றார். சொல்லிவிட்டு அவரே பதிலும் சொன்னார். "அடிச்சிருக்காரு. அடிச்சது அவுருக்கு நல்லா ஞாபகம் இருக்குது. எனக்கும் சரியாத்தான் ஞாபகம் இருந்திருக்குது."

முதலாளியிடம் போய் இதைச் சொல்லலாமா என்று கேட்டேன். அந்த ஆபீசுக்குள் இனி எதைச் சொன்னாலும் விளையாட்டுத்தான் என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. ஆறிய டீயைக் குடித்துவிட்டு இன்னொரு டீ சொல்லி, அதைச் சூடாகக் குடித்தார். பன்னில் பாதியைப் பிய்த்து எடுத்துக்கொண்டார். காசை மேஜைமேல் வைத்து, வாரேன் கண்ணு என்று எழுந்து போனார்.

நான் லேப்டாப்பைச் சசிதருக்குக் கொடுக்கவில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது. ஆட்டம் முடியவில்லை, மெஷின் என்னுடையது. அவர் இன்னும் இரண்டு தடவை கேட்டார். பிறகு விட்டுவிட்டார்.

மாதக் கடைசிவரை மாஸ்டர் ஒரு நாள் தவறாமல் வேலைக்கு வந்தார். அந்த மூன்று வாரத்தில் மிக்சிங்கை இரண்டு தடவை மாற்றினார். யாரிடமும் கேட்கவில்லை. தேதியும் பங்கும் போட்டு, சுந்தரராஜுலு சொன்னது என்று தன் கையால் நோட்டில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்த நூல் முழுவதும் என் ஷிப்டில்தான் டெஸ்ட்டுக்கு வந்தது. இழுத்தேன், எடை போட்டேன். குறை எதுவும் இல்லை.